கயர் என்பது கயிறு அல்ல

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிறகு லண்டனுக்குப் போவோம்.

நான் செல்லத்துரை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கப்பலில் எஞ்சின் துடைக்கிற வேலையை விட்டு அடிலெயிட் துறைமுகத்தில் இறங்கிய அன்று என்னிடம் இடுப்பில் கட்டும் இரண்டு சாரமும் ஒற்றைச் சப்பாத்தும் இருந்தன. மற்றச் சப்பாத்தைக் கப்பலில் எவனோ எடுத்துவிட்டான். அந்தக் காலோடு போய் நான் உண்டாக்கியவற்றைக் கேளுங்கள். பரோசாப் பள்ளத்தாக்கில் வைன் போத்தல் அடுக்கும் மரப்பெட்டிப் பட்டறை ஒன்று. பதினான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்தேன், அதில் ஒன்பது பேர் வெள்ளைக்காரர். மூன்று வீடுகள், முதல் வீட்டின் சீமெந்தை நானும் மனைவியும் கையால் குழைத்தோம். அடிலெயிட்டில் நம்மவர் கோயிலுக்குச் சுற்றுமதில், அறுபத்திரண்டு மீற்றர். மகள் பல் வைத்தியர், மகன் வழக்கறிஞர். எனக்கு இங்கிலீஷ் பேச வரும், வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்தவர்களை வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

இவை எல்லாவற்றிலும் என் பெயர் இருக்கிறது. மதிலில் கல்லில் வெட்டியே இருக்கிறது. ஒன்றில் மட்டும் இல்லை. அது ஒரு சொல். உலகமெல்லாம் அது வேறொருவன் பெயரில் ஓடுகிறது. அதில் என் பெயரைப் போடு என்று கேட்பதற்காகத்தான் 2006 மே மாதம், அறுபத்தொன்பது வயதில், லண்டனுக்குப் போனேன்.

அந்த வேறொருவன் கொலின் மார்வுட். வைனைச் சுவைத்து எழுதிப் பேர் எடுத்த அவுஸ்திரேலியன். அப்படியொரு உத்தியோகம் இருக்கிறது என்றால் நம்மவர்கள் சிரிப்பார்கள். ஒரு மிடறு வாயில் வைப்பது, துப்புவது, அது எப்படி என்று நாலு வரி எழுதுவது. அந்த நாலு வரியை நம்பித்தான் சனம் வாங்கும். அவன் சரியில்லை என்று எழுதினால் ஒரு தோட்டக்காரனின் வருட உழைப்பு பீப்பாவிலேயே கிடக்கும்.

எண்பத்தியோராம் ஆண்டு, நான் பீப்பா கழுவிக்கொண்டிருந்த ஆலைக்கு அவன் முதன்முதலாக வந்தபோது, பள்ளத்தாக்கின் வாரப் பத்திரிகையில் ஆட்டு விலையும் கால்பந்து முடிவும் எழுதிக்கொண்டிருந்தான். ஏறக்குறைய என் வயது. வைனைப் பற்றி எழுதுகிறவர் காய்ச்சல் வருத்தத்தில் படுத்ததால் இவனை அனுப்பியிருந்தார்கள். கறுத்தத் திராட்சைப் புதுவைனை வாயில் வைத்தான். முகம் கோணியது. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "இது என்ன, பல்லெல்லாம் கம்பளி போர்த்த மாதிரி இருக்கிறது?" என்றான்.

"கயர்" என்றேன்.

வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால், இளம்பாக்கை மென்றால், நாக்கையும் பல் முரசையும் இழுத்துப் பிடிக்குமே, அதுதான் கயர். தமிழ்நாட்டார் துவர்ப்பு என்பார்கள். கப்பலுக்குப் போகுமுன் நான் சுருட்டுக் கொட்டிலில் புகையிலைக்கு ஊற்றும் பாணியை ருசி பார்க்கிற வேலை செய்தவன். அதனால் என் நாக்குக்குக் கயரில் வகை தெரியும். நாக்கு நுனியில் நின்றால் காய் முற்றவில்லை. தொண்டை வாசலில் நின்றால் பீப்பா மரம் புதிது. முரசில் ஏறி, மெல்ல இறங்கி, வாயைச் சுத்தமாக விட்டுவிட்டுப் போனால் அது நல்ல கயர். அந்த வைனைப் பத்து வருடம் மூடி வைக்கலாம். இவ்வளவையும் அன்று ஒரு பீப்பாவில் சாய்ந்துகொண்டு அவனுக்குச் சொன்னேன். பதினொரு வருடம் அந்த ஆலையில் வேலை செய்தேன். ஒரு துளி தொண்டைக்குக் கீழே போனதில்லை. வெற்றிலை போட்டுப் பழகிய வாய். ஐந்தடி தூரத்திலிருந்து வாளிக்குள் துப்புவேன்.

அவன் அதை எழுதினான். அவுஸ்திரேலியன் வாயில் 'அய்' வராது, 'ஒய்' என்றுதான் வரும். 'நைஸ்' என்பதை 'நொய்ஸ்' என்பார்கள். கயர் அவன் வாயில் கொயர் ஆனது. கொயர் என்றால் இங்கிலீஷில் தென்னந்தும்பு, கயிறு திரிக்கிற தும்பு. அப்படியே அச்சில் வந்தது. அந்தச் சொல்லோடு அவன் ஏறினான். அடிலெயிட் நாளேடு, சிட்னி, மெல்பேர்ண், போட்டிகளில் நடுவர், வருடத்துக்கு ஒரு கையேடு, கடைசியில் லண்டன். பதினைந்து வருடமாக லண்டன்வாசி. இப்போது வைன் சொல்லகராதி ஒன்றுக்குக் கடைசித் திருத்தப் பதிப்பு போடுகிறான், அதோடு எழுத்தை விடுகிறான், லண்டனில் அவனுக்குப் பாராட்டு விழா என்று மகள் ஒரு சஞ்சிகையிலிருந்து வாசித்துச் சொன்னாள்.

கடைசிப் பதிப்பு. அதில் வராவிட்டால் பிறகு எதிலும் வராது. அடுத்த கிழமையே ரிக்கற் போட்டேன்.

செவ்வாய், காலை 5.40, ஹீத்ரோ. அடிலெயிட்டிலிருந்து சிங்கப்பூருக்கு ஏழு மணித்தியாலம், அங்கிருந்து பதின்மூன்றரை. இறங்கியபோது முழங்கால் இரண்டும் மரம். வெளியே மச்சான் வேலன் நின்றான். என் மனைவியின் தம்பி. பாரிஸில் பதினொரு வருடம் உணவகக் குசினியில் நின்று, பிரெஞ்சுப் பாஸ்போட் எடுத்து, மகளுக்கு இங்கிலீஷ் படிப்பு வேண்டும் என்று லண்டனுக்கு மாறியவன். இல்ஃபோர்டில் சாராயமும் வைனும் பாலும் ரெலிபோன் அட்டையும் விற்கிற ஓஃப் லைசன்ஸ் கடை வைத்திருக்கிறான். நோர்த் சேர்க்குலர் வீதியால் முப்பது மைல். ஒன்றே முக்கால் மணித்தியாலம் எடுத்தது. எங்கள் பள்ளத்தாக்கில் அந்த நேரத்தில் மூன்று ஊர் தாண்டலாம்.

காரில் கேட்டான்:

"அத்தான், கோயில் ஆக்களுக்கு என்னெண்டு சொல்லிப்போட்டு வந்தனியள்?"

"கலியாணவீடு எண்டு."

"ஆற்ற கலியாணம்?"

"உன்ர மகளின்ர."

கார் கொஞ்சம் ஆடியது. "ஐயோ அத்தான், அவளுக்குப் பத்தொன்பது வயசு! யுனிவேர்சிற்றியில ரெண்டாம் வருசம்!"

"அப்ப என்ன சொல்லச் சொல்லுறாய்? வைன் விழாவுக்குப் போறன் எண்டோ?"

"இன்னுமே? அக்கா நீங்கள் பழ யூஸ் கொம்பனியில வேலை செய்தனியள் எண்டு சொல்லித் திரிஞ்ச காலம் போய் இருபது வருசமாச்சு."

ஜன்னலால் பார்த்தேன். ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள், முன்னால் சக்கரம் வைத்த குப்பைத் தொட்டிகள். மே மாதத்திலும் ஆட்கள் கம்பளிச் சட்டையோடு நின்றார்கள்.

அதே நாள், பிற்பகல் 3 மணி. கடைக்குள் வைன் தட்டைப் பார்த்துக்கொண்டு போனேன். பிரான்சு, சிலி, தென்னாபிரிக்கா. நடுத்தட்டு முழுக்க அவுஸ்திரேலியா. ஒரு சிவப்பு வைனுக்குக் கீழே விலைச் சீட்டு, நான்கு பவுண்ட் தொண்ணூற்றொன்பது பென்ஸ். அதன் பக்கத்தில் கொலினின் தாடி முகம் போட்ட ஒரு சின்ன மட்டை.

"இதில என்ன எழுதியிருக்கு?"

வேலன் கண்ணாடியை இறக்கி வாசித்தான். "'உறுதியான கொயர் பிடி. கொலின் மார்வுட்.' இந்தக் கொயர் போட்ட போத்தல் நல்லா ஓடும் அத்தான். வாறவன் எல்லாம் கொயர் இருக்கோ எண்டு கேப்பான். நான் உது ஒரு சாதித் திராட்சை எண்டெல்லோ நினைச்சிருந்தன்."

எண்பத்தியோராம் ஆண்டுக் கதையைச் சொன்னேன். அவனுக்கும் அதுதான் முதல் தடவை. காசு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

"அப்ப நீங்கள் குடுத்தது வாழைக்காய். அவன் விக்கிறது கயிறு."

"சிரி. சிரி."

"கோவிக்காதேங்கோ அத்தான். உங்கட சொல்லை நான் தினம் பத்துத் தரம் விக்கிறன், எனக்கே தெரியாமல்."

ஒரு போத்தலைத் திறக்கச் சொன்னேன். வாயில் வைத்து, பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் துப்பினேன். கயரே இல்லை. சீனித்தண்ணீரும் கொஞ்சம் மரத்தூளும். என் சொல்லை ஒட்டி, அந்தச் சொல்லுக்குரிய பொருள் இல்லாத சாமானை விற்கிறார்கள். கொலின் இதை உண்மையில் சுவைத்துத்தான் எழுதினானோ, கேட்டவனுக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டானோ தெரியாது. சுவைத்திருந்தால் அவன் நாக்குச் செத்துவிட்டது. சுவைக்காவிட்டால் வேறென்னவோ செத்துவிட்டது.

புதன், காலை 10.15. இல்ஃபோர்ட் நிலையம். ஒருநாள் பயண அட்டை ஐந்து பவுண்ட் நாற்பது. வேலனுக்குக் கடையை விட ஏலாது. மகள் ஷாமினி துணைக்கு வந்தாள். பாரிஸில் பிறந்த பிள்ளை, மூன்று பாஷையில் கோபப்படும்.

"மாமா, நான் மேரிஜ் பண்ணுறன் எண்டு அடிலெயிட் ஃபுல்லா சொல்லிட்டீங்களாம். ஆர் அந்த லக்கி பெர்சன்?"

"அதை இன்னும் முடிவெடுக்கேல்லை."

"வாவ். எனக்கும் சொல்லுங்கோ, டேட் தெரிஞ்சா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்ட்ராட்ஃபோர்ட் தாண்டித்தான் முகத்தைத் திருப்பினாள். "பாக்ல என்ன, கனமா இருக்கு?"

"வாழைக்காய். இல்ஃபோர்ட் லேனில வாங்கினது. ஒரு பவுண்டுக்கு மூண்டு."

"ஓ மை கோட்" என்று நெற்றியில் கை வைத்தாள்.

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கி ஆற்றுப் பக்கமாக இருபது நிமிடம் நடந்தோம். தேம்ஸ் கரையில், ஏதோ பழைய வணிகர் சங்கத்தின் மண்டபம். உள்ளே போக ஆளுக்கு முப்பத்தைந்து பவுண்ட். மேலே கண்ணாடி விளக்குகள், சுவரில் செத்துப்போன பணக்காரரின் படங்கள், கீழே முந்நூறு போத்தல்கள். நீல உடுப்புக்காரரும் முத்துமாலைக்காரிகளும் சுவைத்து வாளிகளில் துப்பினார்கள். துப்பத் தெரியாத சனம். ஒருவனுக்கு நாடியால் வழிந்தது. நான் ஒரு மிடறு எடுத்து, ஐந்தடியிலிருந்து வாளியின் நடுவில் போட்டேன். பக்கத்தில் நின்ற கிழவர் கைதட்டினார். அன்று எனக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

ஒரு மேசையில் சிவப்பு மயிர்ப் பெடியன் ஒருவன் ஊற்றித் தந்து, "முடிவில் வரும் கொயரைக் கவனியுங்கள்" என்றான்.

"கொயர் என்றால் என்ன?"

"இந்தியப் பெருங்கடல் மீனவர்களின் பழைய சொல், சேர். உப்பு ஏறிய கயிற்றைப் பல்லால் கடித்து முடிச்சுப் போடுவார்களாம். அப்போது வாயில் வருகிற வறட்சி." எனக்கே பாடம் சொல்லித் தந்துவிட்டு, "அழகாக இல்லையா?" என்று வேறு கேட்டான்.

ஷாமினி என் கையைப் பிடித்தாள். நான் கத்துவேன் என்று நினைத்தாளாக்கும். நான் கத்தவில்லை. "அழகுதான்" என்றேன்.

பிற்பகல் 1.30. கொலினைக் கண்டேன். தாடி வெளுத்து, மூக்கு சிவந்து, கையில் ஊன்றும் பொல்லு. என்னைக் கண்டதும் பொல்லைக் கீழே விட்டுவிட்டுக் கட்டிப்பிடித்தான்.

"செல்லா! நீ இன்னும் உயிரோடு இருக்கிறாயா, கிழட்டுக் கள்ளா!"

"சாகவில்லை. உன் புத்தகத்தில்தான் இல்லை."

சிரித்தான். பக்கத்தில் நின்ற நரைத்த கட்டைமயிர்ப் பெண்மணியிடம் என்னைக் காட்டினான். அவள் அகராதியைப் போடும் பதிப்பகத்துக்காரி. "இவன்தான் செல்லா. பள்ளத்தாக்கிலேயே இவன் கொண்டுவரும் மதியச் சாப்பாடுதான் திறம். கத்தரிக்காய்க் கறி ஒன்று வைப்பான், செத்தவன் எழும்பி வருவான்."

இருபத்தைந்து வருடத்தில் நான் கத்தரிக்காய்க் கறியாகச் சுருங்கியிருந்தேன். அதுவும் நான் வைத்ததில்லை. என் மனைவி வைத்தது.

நேரே கேட்டேன். "கொலின், இது கடைசிப் பதிப்பு. அந்தச் சொல் கொயர் இல்லை, கயர். கயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சொன்னவன் நான். இரண்டையும் போடு."

அவன் முகம் மாறியது. என்னை ஒரு தூணுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தினான்.

"செல்லா, நீதானே வேண்டாம் என்றாய்?"

இதை எழுதாமல் விடலாம். எழுதுகிறேன். கொலின் மார்வுட் தன் முதல் புத்தகத்தில் என் பெயரை எழுதினான். 'இந்தச் சொல்லை எனக்குத் தந்தவர் பீப்பா கழுவும் செல்லத்துரை' என்று ஒரு வரி. அதை என் வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் இருந்து, வாசித்துக் காட்டினான். அந்த வருடம்தான் என்னைக் கோயில் நிர்வாகசபையில் சேர்த்தார்கள். நாங்கள் ஊர் முழுக்க, நான் பழச்சாறு ஆலையில் வேலை என்று சொல்லியிருந்தோம். சாராயத்துக்குள் கை வைத்தவன் சுவாமி காரியத்தில் கை வைக்கலாமோ என்று கேட்க நாலு பேர் இருந்தார்கள். என் மனைவி கறிச்சட்டியை இறக்கிவிட்டு, "உந்தப் பேர் புத்தகத்தில வந்தா நான் இனிக் கோயில் வாசல் மிதிக்கமாட்டன்" என்றாள். கொலினுக்குத் தமிழ் விளங்காது. அவள் முகம் விளங்கியது. நான் அவனிடம் சொன்னேன்: "என் பெயரைப் போடாதே. யாரோ ஒரு மீன்காரன் சொன்னான் என்று எழுது." அவன் பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினான். அவன் வெட்டும்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சிலோன் கடற்கரையில் கண்ட கிழவன் என்ற கதை அப்படிப் பிறந்தது. கொலின் சிலோனுக்குப் போனதே இல்லை.

"அது அப்போது. இப்போது போடு" என்றேன்.

"யோசிக்கிறேன், செல்லா. யோசிக்கிறேன்" என்று தோளில் தட்டினான். மணி அடித்தது. மேடைக்குப் போனான்.

பிற்பகல் 2 மணி. இரண்டு பேர் அவனைப் புகழ்ந்தார்கள். பிறகு அவன் எழுந்து தன் வாழ்க்கைக் கதையைச் சொன்னான். ஆட்டு விலை எழுதியதைச் சொன்னான், சனம் சிரித்தது. வைனை முதலில் வாயில் வைத்த நாளைச் சொன்னான். நான் கதிரை நுனிக்கு வந்தேன்.

"பிறகு ஒரு மாலை நேரம், சிலோன் கடற்கரையில், ஒரு கிழட்டு மீனவனைச் சந்தித்தேன். அவன் ஒரு கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தான்..."

சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தான். பார்த்து, ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

அவன் கள்ளன் என்றால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்தக் கண்சிமிட்டல் கள்ளனுடையதல்ல. 'பயப்படாதே, உன் இரகசியத்தைக் காப்பாற்றுகிறேன்' என்று ஒரு சிநேகிதன் சிநேகிதனுக்குச் சிமிட்டியது. தூணடியில் நான் சொன்னது ஒரு வார்த்தையும் அவன் காதில் ஏறவில்லை.

எழும்பினேன். மைக் எனக்கு வேண்டாம். ஓடுகிற இயந்திரங்களுக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை.

"அது மீனவன் இல்லை. அது நான். கயிறு இல்லை, வாழைக்காய்!"

"மாமா, ப்ளீஸ், இருங்கோ" என்று ஷாமினி கோட்டை இழுத்தாள். இழுத்தவள், என் இங்கிலீஷ் அவர்களுக்கு விளங்கவில்லை என்று கண்டதும் தானே எழும்பினாள். "என் மாமா சொல்வது இதுதான்" என்று தொடங்கி, பீப்பா கழுவியது முதல் எல்லாவற்றையும் சுத்தமான இங்கிலீஷில் சொன்னாள். நான் வாழைக்காயை மடக்குகிற பேனாக்கத்தியால் வெட்டி, முன்வரிசை முத்துமாலைக்காரியிடம் ஒரு துண்டு நீட்டினேன். அவள் துணிச்சல்காரி. கடித்தாள். அவள் வாய் சுருங்கியதை எல்லாரும் கண்டார்கள். "ஓ!" என்றாள். "ஓ, இதுதானா அது!"

மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை பாட்டுப் பாடினால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. கொலினும் சிரித்து, "இதுதான் செல்லா! எங்கே போனாலும் சாப்பாட்டோடுதான் வருவான்!" என்றான். கைதட்டினார்கள். அடுத்த கேள்வி, கோர்க் அடைப்பா திருகு மூடியா எது நல்லது என்று.

பிற்பகல் 3.20. கையெழுத்துப் போடும் மேசை. பழைய பதிப்பைப் பதினெட்டுப் பவுண்ட் தொண்ணூற்றொன்பதுக்கு விற்றார்கள், ஒன்று வாங்கினேன். என் முறை வந்ததும் கொலின் பேனையை வைத்துவிட்டான்.

"உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். இருபத்திரண்டு வருடம் அந்தக் கதையைச் சொல்லிவிட்டேன், செல்லா. கண்ணை மூடினால் அந்த மீனவனின் முகம் தெரிகிறது. அவனுடைய பல் தெரிகிறது. உன் குசினி மேசை தெரியவில்லை. நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அவனைத்தான் ஞாபகம்."

"தூணடியில் நீதானே ஒத்துக்கொண்டாய்?"

"ஒத்துக்கொண்டேன். மேடையில் நின்றபோது அது இல்லை." அவன் கண் கலங்கியிருந்தது. வயதா, வைனா, நானா என்று கேட்கவில்லை. நான் சொன்ன பொய் அவனுக்குள் இருபத்திரண்டு வருடம் மூடிக் கிடந்து முற்றிவிட்டது.

பதிப்பகத்துப் பெண்மணிதான் காரியமாகக் கதைத்தாள். "பக்கங்கள் ஆகஸ்ட் முடியும்வரை திறந்திருக்கும். ஆனால் ஆசிரியரின் கதையை ஒருவர் மேடையில் கத்தினார் என்பதற்காக நான் மாற்ற முடியாது. அச்சில் வந்த ஏதாவது இருக்கிறதா? எந்தப் பாஷையில் என்றாலும் பரவாயில்லை. உங்கள் பெயரில், தெளிவாக."

ஒன்றும் இல்லை. அச்சில் வரவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான்தானே.

மாலை 5 மணி, திரும்பும் ரயில். ஷாமினி அகராதியைத் திறந்து வாசித்துத் தமிழில் சொன்னாள். கொயருக்கு அரைப்பக்கம். மீனவன், கயிறு, உப்பு, சூரிய அஸ்தமனம் எல்லாம் இருந்தன. முரசில் ஏறி மெல்ல இறங்குவது பற்றிய பகுதி நான் சொன்னது சொன்னபடி இருந்தது. 'பத்து வருடம் மூடி வைக்கலாம்' என்பதும் இருந்தது.

"மாமா, இது உங்கட வொய்ஸ்" என்றாள் பிள்ளை. "இங்கிலீஷிலயும் நீங்கள் பெருமையடிக்கிற மாதிரியே இருக்கு." பிறகு முதல் பக்கத்தைத் திருப்பினாள். "கையெழுத்தில என்ன போட்டிருக்கிறார் எண்டா: 'எனக்குச் சாப்பாடு போட்ட செல்லாவுக்கு.'"

வெள்ளி, மாலை 6 மணி. ஹீத்ரோ. வேலன் வாகனத் தரிப்பிடக் காசு ஏறுகிறது என்று அவசரப்படுத்தி, பிறகு தானே போகாமல் நின்றான். மனைவிக்கு ரெலிபோன் எடுத்தேன். அங்கே நடுச்சாமம் தாண்டி இரண்டரை மணி, ஆனால் விழித்திருந்தாள்.

"பேர் போட்டானோ?"

"இல்லை. அச்சில ஏதும் இருந்தாக் கொண்டுவரட்டாம்."

"நான்தானே வேண்டாம் எண்டனான்" என்றாள்.

"நானும்தான்."

"இப்ப எனக்கென்ன. கோயிலில முழங்கால் ஏலாமல் கதிரையிலதான் இருக்கிறன். ஆர் என்னத்தைக் கதைச்சாலும் இருந்துகொண்டே கேப்பன். எழுதுங்கோ. அந்தக் கத்தரிக்காய்க் கறி நான் வைச்சது எண்டும் எழுதுங்கோ."

எழுதிவிட்டேன்.

லண்டனைப் பற்றி வாசகர்கள் கேட்பார்கள். பெரிய ஊர். பழைய மண்டபங்களைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். யார் பெயர் எந்தச் சுவரில் என்பதில் கவனமான சனம். எங்கள் பள்ளத்தாக்கில் மண்டபம் இல்லை, தகரக் கூரைகள்தான். ஆனால் அங்கே எந்தப் பீப்பாவை யார் கழுவினார் என்று சோக்கட்டியால் எழுதி வைப்போம்.

கோயில் நிர்வாகசபைக்கு: லண்டனில் கலியாணவீடு நடக்கவில்லை. ஷாமினிக்கு மாப்பிள்ளை இல்லை. யாரும் கேட்டு வரவேண்டாம். நான் பதினொரு வருடம் வைன் ஆலையில் பீப்பா கழுவினேன், பழச்சாறு ஆலையில் அல்ல. அந்தக் கைதான் உங்கள் மதிலைக் கட்டியது. மதிலை இடிக்க விரும்பினால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அறுபத்திரண்டு மீற்றர், நேரம் எடுக்கும்.

இதை அச்சில் போடும் தமிழ்ப் பத்திரிகைக்காரருக்கு: எழுத்துப்பிழை இருந்தால் திருத்துங்கள். கயர் என்ற சொல்லை மட்டும் தொடவேண்டாம்.

கொலினுக்கு: பெயரை மறைக்கச் சொன்னது நான். அது என் பிழை. சொல்லைக் கயிறாக்கச் சொன்னது நான் இல்லை. உன் பதிப்பகத்தார் கேட்ட அச்சு இதோ. ஷாமினி இங்கிலீஷில் மாற்றி அந்தப் பெண்மணிக்கு அனுப்புவாள். மீனவனை வெட்டிவிட்டு இந்த வரியைப் போடு, ஒரு எழுத்தும் மாறாமல்:

'கயர்: வாழைக்காயிலும் இளம்பாக்கிலும் உள்ளது. யாழ்ப்பாணத் தமிழ். சொன்னவர், பீப்பா கழுவிய செல்லத்துரை.'